மிலிட்டரி ஆட்சி வந்தால் எல்லாம் சரியாகுமா?

தொம்மலூர் பஸ் நிறுத்தத்தில் அரை மணி நேரம் நின்றால் போதும், இந்த வாசகத்தைக் கேட்டுவிடலாம். பஸ் வரவில்லை என்று ஒருவர் ஆரம்பிப்பார். ஜாதி சர்டிபிகேட்டுக்கு மூன்று முறை அலையவிட்டார்கள் என்று இன்னொருவர் சேர்ந்துகொள்வார். ரேஷனில் எடை குறைந்தது என்பார் மூன்றாமவர். ஆள் வேறு, குறை வேறு. முடிவு மட்டும் ஒன்றுதான். "இந்த நாட்டுக்கு மிலிட்டரி ஆட்சி வந்தால்தான் சார் சரிப்படும்!"

தொம்மலூரில் இந்தப் பேச்சு எழுவதில் வியப்பில்லை. சுற்றிலும் ராணுவ நிலங்கள். அல்சூர் பக்கம் மதராஸ் சாப்பர்ஸ் படையின் மையம். அந்தப் படையில் சேர்ந்தும், கண்டோன்மெண்டில் வேலை தேடியும் வந்த தமிழர்களின் பேரன்மார்கள்தான் நம்மில் பலர். முகாமின் மதில் சுவருக்கு உள்ளே பார்த்தால் பெருக்கிய ரோடு, சுண்ணாம்பு அடித்த மரம், நேரம் தவறாத வேலை. சுவருக்கு வெளியே குப்பை, குழி, நேரம் தெரியாத ஆபீஸ். உள்ளே இருப்பதை வெளியே கொண்டுவந்தால் என்ன என்று மனம் கேட்பது இயற்கையே.

அந்தக் கேள்வியை நாமும் கேட்டுப் பார்ப்போம். பதில் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. நீலகிரியில், குன்னூருக்குப் பக்கத்தில் இருக்கிறது வெல்லிங்டன். அங்குள்ள முப்படை அதிகாரிகள் கல்லூரியில் நம் நாட்டு அதிகாரிகளோடு நட்பு நாடுகளின் அதிகாரிகளும் வந்து படிக்கிறார்கள். அப்படி வந்து படித்தவர்களில் மூன்று பேர் பிற்காலத்தில், மக்கள் போட்ட ஓட்டினால், தங்கள் நாட்டின் ஜனாதிபதி ஆனார்கள். இருவர் மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜீரியாவைச் சேர்ந்த ஒபசாஞ்சோவும் புகாரியும். மூன்றாமவர் நமக்கு நன்றாகத் தெரிந்தவர், மறக்க முடியாதவர்: இலங்கையின் கோத்தபய ராஜபக்சே.

மூவரும் தமிழ்நாட்டு மண்ணில் பாடம் படித்தவர்கள். அவர்களுடைய ஆட்சியிலிருந்து நாம் படிக்க வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது.

கோத்தபயவின் கதை

கோத்தபய ராஜபக்சே 1949-ல் பிறந்தவர். தென்னிலங்கையின் அம்பாந்தோட்டைப் பகுதியில் செல்வாக்குள்ள அரசியல் குடும்பம். தகப்பனார் எம்.பி.யாக இருந்தவர். 1971 ஏப்ரலில் ஜே.வி.பி. என்ற இடதுசாரிக் கட்சியின் சிங்கள இளைஞர்கள் ஆயுதம் ஏந்திக் கிளர்ச்சி செய்தார்கள். அதே மாதம் கோத்தபய ராணுவத்தில் சேர்ந்தார்.

இருபது ஆண்டுகள் சேவை. 1980-களின் தொடக்கத்தில் வெல்லிங்டன் படிப்பு. அதன் வழியாகச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதுகலைப் பட்டம். 1987-ல் வடமராட்சிப் போர்முனை. 1991-ல் லெப்டினன்ட் கர்னலாக ஓய்வு பெற்றார். 1998-ல் குடும்பத்தோடு அமெரிக்கா போய், லாஸ் ஏஞ்செல்ஸ் நகரில் ஒரு சட்டக் கல்லூரியின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்தார்.

இதைக் கவனிக்க வேண்டும். அவரும் நம்மைப்போல் ஊரை விட்டுப் பிழைக்கப் போனவர்தான். அயலூரில் வாடகை வீட்டில் இருப்பது எப்படி என்று அறிந்தவர்தான்.

2005-ல் அண்ணன் மகிந்த ராஜபக்சே ஜனாதிபதி ஆனார். தம்பி ஊர் திரும்பிப் பாதுகாப்புச் செயலாளர் ஆனார். 2009 மே மாதம் போர் முடிந்தது. கடைசி மாதங்களில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. நியமித்த நிபுணர் குழு 2011-ல் அறிக்கை தந்தது. இலங்கை அரசு அதை ஏற்கவில்லை. அந்தத் துயரத்தைப் பற்றித் தமிழர்களுக்குப் புதிதாக எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு நடந்த ஒரு சிறிய சம்பவத்தை நினைவூட்ட விரும்புகிறோம். அது முக்கியமாக நம்மைப் போன்றவர்களுக்கு.

2007 ஜூன் 7-ஆம் தேதி விடியற்காலை. கொழும்பு நகரின் லாட்ஜுகளில் போலீசும் ராணுவமும் புகுந்தன. அங்கே தங்கியிருந்த தமிழர்கள் எழுப்பப்பட்டார்கள். வேலை தேடி வந்தவர்கள், வைத்தியத்துக்கு வந்தவர்கள், பாஸ்போர்ட்டுக்குக் காத்திருந்தவர்கள். கொழும்பில் தங்குவதற்குத் தக்க காரணம் இல்லை என்று முன்னூறுக்கும் மேற்பட்டவர்களைப் பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். புலிகள் ஊடுருவுவதைத் தடுக்கவே இப்படிச் செய்ததாக விளக்கம் சொல்லப்பட்டது.

மறுநாளே இலங்கை சுப்ரீம் கோர்ட்டு குறுக்கிட்டு அதை நிறுத்தியது. பிரதமர் வருத்தம் தெரிவித்தார். பாதுகாப்புச் செயலாளர் கோத்தபயவோ, சந்தேகத்துக்கு உரியவர்களைக் காவலில் வைப்பதைவிட ஊருக்கு அனுப்புவது மேல் என்று அந்த நடவடிக்கையை ஆதரித்தே பேசினார்.

லாட்ஜிலும், பேச்சிலர் ரூமிலும், ஒண்டுக்குடித்தனத்திலும் இருக்கிற வாசகர்கள் ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். "நீ எந்த ஊர்? இங்கே உனக்கு என்ன வேலை?" என்ற கேள்வி ராத்திரி மூன்று மணிக்குக் கதவைத் தட்டினால், அதற்கு எந்தப் பதில் போதும்? உத்தரவு போடுகிறவரின் கணக்கில் ஊர்க்காரன் ஒரு வகை, வந்தேறி ஒரு வகை. பட்டியல் போடும்போது முதலில் எழுதப்படுவது வந்தேறியின் பெயர்.

ஓட்டு வந்தது, பழக்கம் போகவில்லை

2010-க்குப் பிறகு நகர அபிவிருத்தியும் கோத்தபயவின் கைக்கு வந்தது. கொழும்பில் நடைபாதை போட்டார், பூங்கா அமைத்தார், குப்பையை அகற்றினார். குடிசைகளில் இருந்த பல குடும்பங்களும் அகற்றப்பட்டன. "சொன்னால் செய்து முடிக்கிற ஆள்" என்ற பெயர் நிலைத்தது.

2019 ஏப்ரல் 21-ல் ஈஸ்டர் பண்டிகையன்று தேவாலயங்களிலும் ஓட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 250 பேருக்கு மேல் மாண்டார்கள். நாடு நடுங்கியது. அப்போது சிங்கள மக்கள் சொன்னதும் நம் பஸ் நிறுத்தத்தில் சொல்லப்படுவதுதான். மிலிட்டரி ஆள் வேண்டும். அவ்வாண்டு நவம்பர் 16-ல் நடந்த தேர்தலில் கோத்தபய 52 சதவீதத்துக்கு மேல், 69 லட்சம் ஓட்டு வாங்கி ஜனாதிபதி ஆனார். வடக்கிலும் கிழக்கிலும் தமிழர்கள் பெருவாரியாக எதிர்த்தே ஓட்டளித்தார்கள்.

இது புரட்சி அல்ல, கலகம் அல்ல. முறையான தேர்தல். அதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஓட்டு வாங்கி வந்தவர் நாட்டை நடத்தியது முகாமை நடத்துவது போல.

வந்த சில வாரங்களில், மதிப்புக் கூட்டு வரியை 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைத்தார். கஜானா காலியானது. 2020 அக்டோபரில் அரசியல் சட்டத்தைத் திருத்தி ஜனாதிபதியின் அதிகாரத்தைக் கூட்டிக்கொண்டார். கொரோனா தடுப்புக்கே ராணுவத் தளபதி தலைமை வகித்தார். 2021 மே மாதம் ரசாயன உர இறக்குமதிக்கு ஒரே உத்தரவில் தடை போட்டார். இயற்கை உரம் நல்லதுதான். அதற்கு மாற ஆண்டுக்கணக்கில் தயார் செய்ய வேண்டும் என்று விவசாய விஞ்ஞானிகள் சொன்னார்கள். அவர்கள் பேச்சு எடுபடவில்லை.

மைதானத்தில் "இடப்பக்கம் திரும்பு" என்றால் ஆயிரம் பேர் ஒன்றாகத் திரும்புவார்கள். வயல் அப்படித் திரும்பாது. நெல் விளைச்சல் சரிந்தது, தேயிலை அடிபட்டது. அவ்வாண்டு முடிவதற்குள் தடையைத் தளர்த்த வேண்டி வந்தது. அதற்குள் நஷ்டம் நடந்து முடிந்துவிட்டது.

பிறகு நடந்ததை உலகமே பார்த்தது. 2022 மார்ச்சில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. பெட்ரோலுக்குக் கியூ, கேஸுக்குக் கியூ, பால்பவுடருக்குக் கியூ. ஏப்ரலில், வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசே அறிவித்தது. மே மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து தமிழ்நாட்டின் அரிசியும் பால்பவுடரும் மருந்தும் ஏற்றிய கப்பல் போயிற்று. தமிழனை லாட்ஜிலிருந்து இறக்கிய கொழும்பு நகரமும் அந்த அரிசியை உண்டது. பசிக்கு மொழி பார்க்கக் கூடாது, தமிழ்நாடு பார்க்கவில்லை.

ஜூலை 9-ஆம் தேதி மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் நுழைந்தார்கள். 13-ஆம் தேதி கோத்தபய விமானப்படை விமானத்தில் மாலத்தீவுக்குப் போனார். அங்கிருந்து சிங்கப்பூர். 14-ஆம் தேதி மின்னஞ்சலில் ராஜினாமாக் கடிதம். அவரைத் தேர்ந்தெடுத்த அதே சிங்கள மக்களே அவரை விரட்டினார்கள்.

2023 நவம்பரில் இலங்கை சுப்ரீம் கோர்ட்டு, பொருளாதார வீழ்ச்சிக்குப் பொறுப்பானவர்களில் அவரும் ஒருவர் என்று தீர்ப்பளித்தது. 2024 செப்டம்பரில் மக்கள் தேர்ந்தெடுத்த ஜனாதிபதி அனுர குமார திசநாயக்க, ஜே.வி.பி.யின் தலைவர். 1971-ல் எந்தக் கட்சியை அடக்க ராணுவம் இறங்கியதோ, அந்தக் கட்சி. துப்பாக்கியை விட்டு ஓட்டுக்கு வந்தது, ஓட்டால் வென்றது.

நைஜீரியாவின் பாடம்

இனி மேற்கு ஆப்பிரிக்காவுக்கு வருவோம். நைஜீரியா நமக்கு அவ்வளவு அந்நியமான நாடல்ல. 1970-களிலும் 80-களிலும் நம் ஊர் வாத்தியார்கள் பலர் அங்கே பள்ளிக்கூடங்களில் பாடம் சொல்லப் போனார்கள்.

முகம்மது புகாரி 1942-ல் வடக்கு நைஜீரியாவின் தௌரா என்ற ஊரில் பிறந்தவர். 1973-ல் வெல்லிங்டனில் படித்தார். 1983 டிசம்பர் 31-ஆம் தேதி ராணுவம், ஓட்டில் வந்த ஷகாரி சர்க்காரைக் கவிழ்த்தது. மேஜர் ஜெனரல் புகாரி நாட்டின் தலைவரானார். லஞ்சத்தில் மூழ்கியிருந்த நாடு. தெருவில் மக்கள் ஆரவாரம் செய்தார்கள்.

1984-ல் "ஒழுங்கீனத்தின் மீது போர்" என்று ஒன்றை அறிவித்தார். பஸ் நிறுத்தத்தில் கியூவில் நிற்காதவர்களைச் சவுக்கோடு நின்ற சிப்பாய்கள் நிற்க வைத்தார்கள். ஆபீசுக்கு நேரம் கழித்து வந்த குமாஸ்தாக்களைத் தவளைபோல் குதிக்கச் சொன்னார்கள். தலை நரைத்த குமாஸ்தா, பியூன் பார்க்க, பொதுமக்கள் பார்க்கக் குதித்தார்.

மிலிட்டரி ஆட்சி கேட்கிற நம் குமாஸ்தா நண்பர்கள், தவளையாகக் குதிக்கப்போவது தங்கள் மேலதிகாரி என்று நினைத்துக்கொள்கிறார்கள். குதிக்க வேண்டியவர் தாங்களே என்பது அவர்களுக்குத் தோன்றுவதில்லை. மேலதிகாரிக்குக் கார் உண்டு. பஸ் தாமதமாவது நமக்குத்தான்.

அதோடு நிற்கவில்லை. அதிகாரிகளைப் பற்றித் தவறான செய்தி போட்டால் சிறை என்று ஒரு சட்டம் போட்டார். இரண்டு பத்திரிகை நிருபர்களுக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. விசாரணை இல்லாமல் காவலில் வைக்க இன்னொரு சட்டம். பழைய நோட்டு செல்லாது என்று 1984-ல் கரன்சியை மாற்றினார். 1985-ல், அனுமதியின்றித் தங்கியவர்கள் என்று லட்சக்கணக்கான அயல்நாட்டுத் தொழிலாளர்களை நாட்டை விட்டு வெளியேற்றினார். மூட்டை முடிச்சோடு எல்லையில் நின்றவர்கள் கூலிகளும், கொத்தனார்களும், சின்னக் கடைக்காரர்களும். இதே காரியத்தை 1983-ல் ஓட்டில் வந்த ஷகாரி சர்க்காரும் செய்தது என்பதைச் சொல்லாவிட்டால் அது நியாயமாகாது. ஓட்டு இருந்தாலே எளியவனுக்குப் பாதுகாப்பு வந்துவிடாது. கேள்வி கேட்க இடமும் இருக்க வேண்டும்.

1985 ஆகஸ்டில் புகாரியைச் சக தளபதி பாபாங்கிடா கவிழ்த்தார். மூன்று ஆண்டுகளுக்கு மேல் காவலில் வைத்தார். விசாரணை இல்லாத காவல் எப்படி இருக்கும் என்பதை அந்த வழக்கத்தை நடத்தியவரே அனுபவித்தார்.

இதன் பிறகுதான் கவனிக்கத்தக்க காரியம் நடந்தது. புகாரி ஓட்டுக் கேட்டு வந்தார். 2003-ல் தோற்றார். 2007-ல் தோற்றார். 2011-ல் தோற்றார். ஒவ்வொரு முறையும் கோர்ட்டுக்குப் போனார், அங்கேயும் தோற்றார். 2015-ல் 1 கோடி 54 லட்சம் ஓட்டு வாங்கி வென்றார். பதவியில் இருந்த ஜனாதிபதியை எதிர்க்கட்சி ஓட்டால் தோற்கடித்தது நைஜீரியாவில் அதுவே முதல் தடவை. தோற்ற ஜோனதன் தானே போன் செய்து வாழ்த்துச் சொன்னார்.

நல்லாட்சி தந்தாரா என்றால், தந்தார் என்று சொல்ல முடியவில்லை. நாடு இரண்டு முறை பொருளாதார மந்தத்தில் விழுந்தது. 2020 அக்டோபரில் போலீஸ் அட்டூழியத்தை எதிர்த்துக் கூடிய இளைஞர்கள் மீது லாகோஸ் நகரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. 2023 தொடக்கத்தில் மறுபடியும் நோட்டு மாற்றம். மறுபடியும் பாங்கு வாசலில் கியூ. 2016 நவம்பரில் கியூவில் நின்ற நமக்கு அந்த வேதனை சொல்லாமலே புரியும்.

ஆனால் ஒரு வித்தியாசம் இருந்தது. 1984-ல் நோட்டு செல்லாது என்றபோது எதிர்த்துக் கேட்க ஆள் இல்லை. 2023 மார்ச்சில் நைஜீரிய சுப்ரீம் கோர்ட்டு, பழைய நோட்டு அவ்வாண்டு இறுதி வரை செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஜனாதிபதியின் முடிவு விழுந்தது. கோர்ட்டின் முடிவு நின்றது. 2023 மே 29-ல், சட்டம் அனுமதித்த இரண்டு தவணை முடிந்ததும், நாற்காலியை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டுப் புகாரி தௌராவுக்குப் போனார். 2025 ஜூலை 13-ல் லண்டன் மருத்துவமனையில் காலமானார். எட்டு ஆண்டுகள் ஆண்டவர் தமக்கு வைத்தியம் பார்க்கச் சொந்த நாட்டு ஆஸ்பத்திரியை நம்பவில்லை என்ற விமர்சனமும் கூடவே போயிற்று.

மூன்றாமவரான ஒபசாஞ்சோ, ராணுவ ஆட்சியாளராக இருந்து 1979-ல் தாமே ஆட்சியை மக்கள் பிரதிநிதிகளிடம் ஒப்படைத்தவர். 1999-ல் ஓட்டு வாங்கித் திரும்ப வந்தார். மூன்றாம் தவணைக்கு வழி திறக்கும் அரசியல் சட்டத் திருத்தம் 2006-ல் செனட் சபையில் விழுந்தது. அடுத்த ஆண்டு இறங்கினார்.

வித்தியாசம் எங்கே?

ஒரே கல்லூரி, ஒரே சீருடை வாழ்க்கை. ஒருவர் நடுவழியில் ஓடினார். இருவர் நாள் பார்த்து இறங்கினார்கள். இதில் ஆளின் குணம் மட்டும் பேசவில்லை. கோத்தபயவுக்கு வேண்டிய அதிகாரத்தையெல்லாம் பார்லிமெண்டே தூக்கிக் கொடுத்தது. வேண்டாம் என்று சொல்ல அவர் அருகே ஆள் இல்லை. நைஜீரியாவில் செனட் ஒருமுறை வேண்டாம் என்றது. கோர்ட்டு ஒருமுறை வேண்டாம் என்றது. அந்த "வேண்டாம்" தான் நாட்டையும் காப்பாற்றியது. அந்த மனிதர்களின் மானத்தையும் காப்பாற்றியது.

சிப்பாயைக் குறை சொல்வது நம் நோக்கமல்ல. எல்லையில் நிற்கிறவருக்குக் கேள்வி கேட்காமல் கீழ்ப்படிவதுதான் தர்மம். ரேஷன் கார்டு கேட்டு நிற்கிற குடிமகனுக்குக் கேள்வி கேட்பதுதான் தர்மம். ஒன்றின் இடத்தில் மற்றதை வைத்தால் இரண்டும் கெடும்.

நம் நாட்டு ராணுவம் இதை உணர்ந்திருக்கிறது. குடகு மண்ணின் மைந்தர் ஜெனரல் கரியப்பா, 1949-ல் இந்திய ராணுவத்தின் முதல் இந்தியத் தலைமைத் தளபதி. ஓய்வு பெற்ற பின் 1971-ல் பம்பாயில் லோக்சபாத் தேர்தலுக்கு நின்றார்; தோற்றார். நாடே மதித்த தளபதி, ஓட்டு எண்ணிக்கைக்குத் தலைவணங்கிக் குடகுக்குத் திரும்பினார். அதுவும் ஒரு வீரம்தான்.

1975-ல் நெருக்கடி நிலை வந்தபோது ரயில்கள் நேரத்துக்கு ஓடின என்று இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள். ரயில்வேயில் ஓடிய வண்டிகளை மட்டும் எண்ணினால் போதாது. முந்தைய ஆண்டு வேலைநிறுத்தத்தில் வேலை பறிபோன தொழிலாளர்களையும் எண்ண வேண்டும். 1977 மார்ச்சில் மக்கள் இரண்டையும் எண்ணித்தான் ஓட்டுப் போட்டார்கள்.

நாம் செய்ய வேண்டியது

பஸ் வராததும், லஞ்சமும், அலைக்கழிப்பும் உண்மையான குறைகள். அவற்றைச் சகித்துக்கொள்ளச் சொல்லவில்லை. சவுக்கைக் கூப்பிடுவதற்கு முன், கையில் இருப்பதைப் பயன்படுத்தினோமா என்றுதான் கேட்கிறோம்.

கர்நாடகத்தில் 2011-ல் வந்த "சகாலா" சட்டம், எந்த சர்டிபிகேட்டை எத்தனை நாளில் தர வேண்டும் என்று கெடு வைத்திருக்கிறது. மனுவுக்கு எண் உள்ள ரசீது கேட்டு வாங்க வேண்டும். கெடு தாண்டினால் மேல்முறையீடு உண்டு, நஷ்டஈடும் உண்டு. 2005-ன் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டி எந்த ஆபீசையும் கேள்வி கேட்கலாம். எத்தனை பேர் கேட்டோம்?

எல்லாவற்றிலும் முக்கியமானது ஓட்டு. இங்கே நம்மில் ஏராளமானவர்களின் பெயர் ஊர்ப் பட்டியலிலும் இல்லை, பெங்களூர்ப் பட்டியலிலும் இல்லை. ஊரில் நீக்கிவிட்டார்கள், இங்கே சேர்க்கவில்லை. சாதாரணமாக எங்கே குடியிருக்கிறோமோ அங்கே பெயரைச் சேர்க்கச் சட்டம் இடம் தருகிறது. 6-ஆம் எண் படிவம், வயதுக்கும் விலாசத்துக்கும் சான்று. வாடகை வீடாக இருந்தாலும் தடையில்லை. பட்டியலில் பெயர் இல்லாதவனைக் கவுன்சிலரும் தேடி வரமாட்டார், எம்.எல்.ஏ.வும் தேடி வரமாட்டார்.

1991 டிசம்பரை இந்த ஊர்த் தமிழர்கள் மறக்கவில்லை. கடையை அடைத்துவிட்டு, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ரயிலுக்கு ஓடிய நாட்கள் அவை. அப்படிப்பட்ட நாள் இனி வரவே கூடாது. வந்தால் நமக்கு வேண்டியது உத்தரவு போடுகிற ஆள் அல்ல. பதில் சொல்லக் கடமைப்பட்ட சர்க்கார், திறந்திருக்கிற கோர்ட்டு, பயமில்லாமல் எழுதுகிற பத்திரிகை. 2007-ல் கொழும்பு லாட்ஜ்களில் மிச்சமிருந்த தமிழனைக் காப்பாற்றியது ஒரு கோர்ட்டின் தடையுத்தரவுதான்.

பலசாலியான ஆட்சி வேண்டும் என்று பலசாலி கேட்டால் அர்த்தம் உண்டு. பிற மாநிலத்தில் வேலை செய்து பிழைக்கிற எளியவன் கேட்கலாமா? அடுத்த முறை பஸ் நிறுத்தத்தில் யாராவது மிலிட்டரி ஆட்சி வேண்டும் என்றால், சண்டை போட வேண்டாம். "அண்ணே, உங்கள் பெயர் இந்த ஊர் ஓட்டர் லிஸ்டில் இருக்கிறதா?" என்று மட்டும் கேளுங்கள்.